பெயர் எழுதப்படாத தாய்: ஒரு படைத்தலைவரின் குடிவழியும் நம் பதிவேடுகளும்

திருவண்ணாமலையில் ரமணாசிரமப் பகுதியில் மேல்நாட்டார் பலர் மாதக்கணக்கில் வந்து தங்குவது வழக்கம். அவர்களுள் முதியவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னைத் தேடி வந்தார். அவர் கையில் ஞானஸ்நானப் பதிவொன்றின் நகல் இருந்தது. கும்பினியாரின் சென்னைப் படையில் அதிகாரியாயிருந்த அவருடைய முன்னோர் ஒருவர் இந்நாட்டிலேயே பிறந்தவர். பதிவில் பிள்ளையின் பெயர் இருந்தது. தகப்பனின் பெயரும் படைப்பதவியும் இருந்தன. தாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த அம்மையாரின் பெயர் வேறு எந்த ஏட்டிலாவது கிடைக்குமா என்று அவர் வினவினார். அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

கும்பினிப் படையின் வரலாற்றுக்கு இவ்வூர் புறம்பானதன்று. 1767 செப்டம்பரில் கர்னல் ஜோசப் ஸ்மித் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஹைதர் அலியையும் ஹைதராபாத் நிஜாமையும் எதிர்த்துப் போரிட்டார். அக்காலத்தில் இளம்பருவத்திலேயே கடல் கடந்து வந்த அதிகாரிகளும் போர்வீரரும் இந்நாட்டுப் பெண்களோடு குடும்பம் நடத்தியது பொதுவழக்கமாயிருந்தது. தொடக்கத்தில் கும்பினியாரும் இதனை விரும்பினர். 1687ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்த இயக்குநர்கள் சென்னைக் கோட்டைக்கு எழுதிய கடிதத்தில், போர்வீரர் இந்நாட்டுப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்குமாறும், அத்தகைய மணத்தில் பிறக்கும் பிள்ளை ஞானஸ்நானம் பெறும் நாளில் அதன் தாய்க்கு ஒரு வராகன் வழங்குமாறும் பணித்தனர். அன்று தாய் பரிசு பெறுவதற்குரியவள்.

ஏறத்தாழ நூறாண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 1791ஆம் ஆண்டில் இயக்குநர்கள் பிறப்பித்த ஆணை, இந்தியத் தாய்க்கோ தந்தைக்கோ பிறந்த மைந்தர் எவரும் கும்பினியின் குடிமைப் பணியிலோ படைப்பணியிலோ கப்பற்பணியிலோ அதிகாரியாக அமர்த்தப்படலாகாது என விதித்தது. 1795ஆம் ஆண்டின் ஆணையோ, பெற்றோர் இருவரும் ஐரோப்பியராயிராதவர் படையில் குழலூதுவோராகவும் முரசறைவோராகவும் லாடம் கட்டுவோராகவும் மட்டுமே இருக்கலாம் என்றது. பதவிகள் தம் உறவினருக்கே சேரவேண்டும் என்ற இயக்குநரின் தன்னலமும், கலப்பினத்தார் பெருகித் தலையெடுப்பர் என்ற அச்சமும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. காரணம் எதுவாயினும், தாயின் பெயர் மகனுக்குத் தடைக்கல்லாயிற்று. அதனை எழுதாமல் விடுவதே பிள்ளைக்கு நன்மை என்று எண்ணிய தகப்பன்மாரும் இருந்திருக்கலாம்.

இத்தகைய குடிவழியைத் தேடுவோர்க்கு முதற்சான்று திருச்சபையின் ஏடுகளே. சென்னைக் கோட்டையிலுள்ள தூய மரியாள் ஆலயம் 1680 அக்டோபர் 28ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் பதிவேடுகள் அவ்வாண்டிலிருந்தே தொடங்குகின்றன. சென்னை மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1698 முதலான படிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. படையில் சேர விழைந்த இளைஞர் தம் பிறப்புக்குச் சான்றாக ஞானஸ்நானச் சான்றிதழைக் கொடுத்தனர். அவையும் கும்பினியாரின் ஆவணங்களிடையே காணப்படுகின்றன. இங்கு நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் வேற்றுமை இல்லை என அறிக்கையிடும் திருநியமத்தின் சான்றிதழே, இரத்தத்தின் தூய்மையை அளக்கும் கருவியாகப் பயன்பட்டது.

பதிவேட்டில் மறைந்த தாய் சிலவேளை உயிலில் வெளிப்படுகிறாள். அதிகாரிகள் பலர் தம் உயிலில் உடன்வாழ்ந்த பெண்ணுக்குப் பணமோ வீடோ ஒதுக்கியுள்ளனர். ஆதலால் தேடுவோர் ஞானஸ்நான ஏட்டோடு நின்றுவிடாமல் உயில்களையும் பார்த்தல் வேண்டும். ஆயின் அங்கும் பெயர் உண்டென்பது உறுதியன்று.

பெயர் நிலைபெற்ற ஒரு படைத்தலைவரின் வரலாற்றிலும் இதே குறை காணப்படுகிறது. கர்னல் ஜேம்ஸ் ஸ்கின்னர் 1778ஆம் ஆண்டில் வங்காளத்தில் பிறந்தார். தந்தை ஹெர்குலிஸ் ஸ்கின்னர் ஸ்காத்லாந்தியர், கும்பினிப் படை அதிகாரி. தாய் இராசபுத்திரப் பெண்; போஜ்பூர்ப் பகுதி நிலக்கிழார் ஒருவரின் மகள். காசியரசர் சேத் சிங்கோடு நடந்த போரில் அவள் பதினான்கு வயதில் சிறைப்பட்டாள் என்று மகன் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். ஆனால் அப்போர் நடந்தது 1781இல். மகன் பிறந்ததோ அதற்கு மூன்றாண்டுகள் முன்னர். எனவே குடும்பத்தில் வழங்கிய செய்தியை அவ்வாறே ஏற்பதற்கில்லை. தாயின் தொடக்கத்தை மகனே திட்டமாக அறிந்திருக்கவில்லை. அவளுடைய முடிவை மட்டும் அவர் தெளிவாக அறிந்திருந்தார். ஆறு பிள்ளைகளைப் பெற்ற அத்தாய், தன் பெண்மக்களைத் திரைமறைவிலிருந்து நீக்கிப் பள்ளிக்கு அனுப்பக் கணவர் முடிவு செய்தபோது, தன் குலமானம் அழிந்தது எனக் கருதி 1790இல் தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள்.

அடுத்த ஆண்டில் வந்த ஆணையால் தந்தையின் படை ஜேம்ஸுக்கு அடைபட்டது. அவரை அச்சகம் ஒன்றில் தொழில் பழக விட்டனர்; சில நாட்களிலேயே அங்கிருந்து ஓடிப்போனார். பின்னர் மராட்டியத் தலைவர் சிந்தியாவின் படையில் அதிகாரியானார். 1803இல் ஆங்கிலேயரோடு போர் மூண்டபோது, ஆங்கிலத் தொடர்புடையவர் என்று அங்கிருந்தும் நீக்கப்பட்டார். தாயின் பொருட்டு ஒரு படையும் தந்தையின் பொருட்டு மற்றொரு படையும் அவரைத் தள்ளின. அதன்பின் லேக் பிரபுவின்கீழ் அவர் அமைத்த குதிரைப்படை, அவர் பெயரைத் தாங்கி இன்றும் இந்தியப் படையில் விளங்குகிறது.

அவர் வாழ்வில் பெயரற்ற வேறொரு பெண்ணும் உண்டு. 1800ஆம் ஆண்டில் உனியாரா அருகே நடந்த போரில் காயமுற்று, பிணங்களிடையே அவர் கிடந்தார். உயிர் பிழைத்தால் ஆலயம் ஒன்று கட்டுவதாக அங்கே பொருத்தனை செய்தார். அப்பொழுது ஒடுக்கப்பட்ட சாமார் வகுப்பைச் சேர்ந்த முதியவள் ஒருத்தி அப்பமும் தண்ணீரும் கொண்டுவந்தாள். அருகில் காயமுற்றுக் கிடந்த இராசபுத்திர வீரர் ஒருவர், சாவின் வாயிலிலும் அவள் கையிலிருந்து அருந்த மறுத்துவிட்டார். ஸ்கின்னரோ வாங்கி அருந்திப் பிழைத்தார். பின்னர் அவளுக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பினார். அவருடைய பொருத்தனையின் நிறைவே டெல்லி தூய யாக்கோபு ஆலயம். அவர் அதன் பலிபீடத்தின் முன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

அவ்வாலயத்தை 1836 நவம்பர் 21ஆம் நாள் பிரதிஷ்டை செய்தவர் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன். தமிழ்நாட்டுச் சபைகள் நன்கறிந்த பெயர் இது. சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டும் என்று 1833இல் அவர் விடுத்த சுற்றறிக்கை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெருங்கிளர்ச்சியை விளைவித்ததை நாம் அறிவோம். சாதியின் பெயரால் தம்மோடு ஒரே பாத்திரத்தில் பருக மறுத்தோரைக் கடிந்துகொண்ட பேராயர், தாழ்த்தப்பட்டவளின் தண்ணீரால் உயிர் பெற்றவர் எழுப்பிய ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார்.

எனினும் ஸ்கின்னரைக் குறையற்றவராகக் காட்டுவது வரலாறாகாது. அவருடைய இல்லத்தில் பெண்கள் பலர் இருந்தனர். அவர்களை ஏழு பேர் என்றும் பதினான்கு பேர் என்றும் செய்திகள் வழங்குகின்றன. எண்ணிக்கையே இவ்வாறு ஐயத்துக்குரியதாயின், பெயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. தம் தாய்க்கு நேர்ந்ததை அவர் தம் பிள்ளைகளின் தாய்மாருக்கும் நேரவிட்டார்.

திருமறை காட்டும் முறை வேறு. இராஜாக்களின் புத்தகங்கள் யூதாவின் அரசர்களைக் குறிப்பிடும்போது பெரும்பாலும் தாயின் பெயரையும் குறிப்பிடுகின்றன. மத்தேயுவின் வம்ச வரலாற்றில் தாமாரும் ராகாபும் ரூத்தும் இடம்பெறுகின்றனர். ஆனால் அங்கும் பத்சேபாள் தன் பெயரால் அல்ல, உரியாவின் மனைவி என்றே சுட்டப்படுகிறாள். தாவீதின் பாவத்தை மறவாதபடி அவ்வாறு எழுதப்பட்டது என விளக்குவோர் உளர். கலப்பு மணத்தில் பிறந்த தீமோத்தேயுவின் நிலை நமக்கு இன்னும் நெருக்கமானது. அவனுடைய தகப்பன் கிரேக்கன் என்பதன்றி வேறொன்றும் நாம் அறியோம். தாயாகிய ஐனிக்கேயாளின் பெயரும் பாட்டியாகிய லோவிசாளின் பெயரும் விசுவாசத்தின் வழிமுறையாக நமக்குத் தரப்பட்டுள்ளன. கும்பினியாரின் ஏடு விட்டுவிட்டதைத் திருத்தூதரின் கடிதம் பேணிக்காத்தது.

என் ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், ஞானஸ்நானத்திற்குப் பிள்ளையை ஏந்திவந்த பெண்ணின் பெயரைக் கேளாமல், 'இன்னாரின் மனைவி' என்றே எழுதியதுண்டு. தகப்பன் கைவிட்ட பிள்ளையைக் கொண்டுவந்த ஒருத்தியிடம், தகப்பனின் பெயரை எல்லார் முன்னிலையிலும் இருமுறை கேட்டதும் உண்டு. அவள் தலைகுனிந்து நின்றதை நான் மறக்கவில்லை. நம் கையிலுள்ள எழுதுகோல் ஒருத்தியை நூற்றாண்டுகளுக்கு மறைத்துவிடக்கூடும் என்பதை அன்று நான் உணரவில்லை.

முதியவரின் தேடலில் அந்தப் பெயர் கிடைக்கவில்லை. ஊர் திரும்புமுன் விடைபெற வந்தவர், ஆசிரமத்தில் ரமண மகரிஷியின் தாயார் அழகம்மாளின் சமாதிக் கோயிலில் நெடுநேரம் அமர்ந்திருந்ததாகக் கூறினார். 1922இல் மறைந்த அத்தாயின் சமாதியைச் சுற்றியே ஆசிரமம் வளர்ந்தது. 1949இல் அங்கே கோயில் குடமுழுக்குப் பெற்றது. தாயின் பெயரை மறவாத ஓரிடத்தில் தங்கியிருந்து, பெயர் மறைக்கப்பட்ட ஒரு தாயை அவர் தேடினார். மறைத்த ஏடு நம்முடையது.

ஆகவே போதகப்பணிக்கு ஆயத்தமாகும் இளைஞர்க்கு ஒன்று சொல்வேன். அடுத்தமுறை ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறக்கும்போது, தாயின் பெயரை அவள் வாயினாலேயே கேட்டு, முழுமையாக எழுதுங்கள். தகப்பனின் பெயர் இல்லையெனில் அந்த இடத்தை அமைதியாக விட்டுவிடுங்கள்; தாயைக் கூசச் செய்யாதிருங்கள். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் அந்த ஏட்டைத் தேடி வரக்கூடும்.