வெள்ளை வேர்க் காளானும் தோட்டத் தமிழரும்

கோலகங்சாரில் 1877-ஆம் ஆண்டில் ஒன்பது இரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டன. பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் இல்லத் தோட்டமே அவற்றுக்கு இடமாயிற்று. அடுத்த சில பத்தாண்டுகளில் பேராக்கின் காடுகள் பல வெட்டுண்டு இரப்பர்த் தோட்டங்களாயின. ஆயினும், காட்டு மரம் வீழ்ந்த இடத்தில் அதன் கட்டையும் வேரும் மண்ணுள் நின்றன. அவ்வேரில் குடியிருந்த காளான் ஒன்று பால்மரத்திற்குப் பெரும் பகையாயிற்று. அதனைக் களைந்த வரலாறு தோட்டத் தமிழரின் உழைப்பு வரலாற்றில் ஒரு கூறாகும்.

இக்காளானால் வருவது வெள்ளை வேர் நோய். சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் தலைவராக இருந்த ரிட்லி 1904-ஆம் ஆண்டில் இதனை இரப்பர் மரத்தில் கண்டு பதிவு செய்தார். பட்டுப்போன கட்டையிலிருந்து வெண்ணிற இழைகள் வேரோடு வேராகப் படர்ந்து, அண்டை மரத்தின் வேரைப் பற்றும். இலை மஞ்சளிக்கும்போதே வேர் பெரும்பாலும் அழுகியிருக்கும். அடிமரத்தில் செம்மஞ்சள் நிறக் காளான் தட்டுப்போல் விரிவது பின்னரே. ஆதலின், காளானை மட்டும் கிள்ளி எறிவது களைவது ஆகாது. உணவாகும் கட்டை உள்ளவரை இழை சாவதில்லை.

தொடக்கத்தில் கண்ட வழி, கட்டைகளையும் வேர்களையும் முற்றாகத் தோண்டி எரிப்பது. நோயுற்ற இடத்தைச் சுற்றி அகழி வெட்டுவதும் உண்டு. இதற்குச் செலவும் மிகுதி, உழைப்பும் மிகுதி. புல்லும் பூண்டுமின்றி நிலத்தை வெறுமையாக வைத்த வழக்கத்தால், மழை மிகுந்த சரிவுகளில் மேல்மண்ணும் அடித்துச் செல்லப்பட்டது.

1925-ஆம் ஆண்டில் மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. அங்குப் பணியாற்றிய நேப்பர் 1930-களின் தொடக்கத்தில் வேறு வழி காட்டினார். நிலம் முழுவதையும் கிளற வேண்டுவதில்லை. இளமரங்களின் அடிவேரைக் குறித்த காலங்களில் திறந்து பார்த்து, இழை தென்பட்டால் அது புறப்பட்ட கட்டை வரை தொடர்ந்து சென்று, அதனை அகற்றுதல் போதும் என்றார். படர்கொடி அவரையினங்களை இடையில் வளர்த்தால் பழைய வேர்கள் விரைந்து மட்கிக் காளான் உணவற்றுப்போகும் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று.

1952-ஆம் ஆண்டில் மறுநடவு நிதி ஏற்பட்டதும், முதிர்ந்த மரங்களை வீழ்த்திப் புதுக்கன்று நடும் பணி பெருகியது. அப்போது பழைய பால்மரத்தின் கட்டையே நோய்க்கு இருப்பிடமாயிற்று. கட்டைக்கு நஞ்சிடுதல், அடிவேருக்கு மருந்து பூசுதல் ஆகியன இதன்பின் பரவின.

அறிஞர் பெயர் ஏட்டில் நின்றது. மண்ணை விலக்கிய கையின் பெயர் நிற்கவில்லை. விரல் பருமனுள்ள நோய்வேர்த் துண்டொன்று விடுபட்டாலும் அடுத்த கன்று சாகலாம். அதனைக் கண்டறியக் கூர்த்த பார்வையும் பொறுமையும் வேண்டும். ஆணும் பெண்ணுமாக நம்மவர் அதனைத் தொழிலாகவே கற்றனர். அதனை வெறும் கூலிவேலை என்று ஒதுக்குதல் பொருந்தாது. அதுவும் ஓர் அறிவே.

இன்று பேராக்கில் பால்மரம் நின்ற நிலம் பலவற்றில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடுகள் எழுந்துள்ளன. வேர் பார்த்த முதியோர் அருகி வருகின்றனர். அவர்கள் வழங்கிய தொழிற்சொற்களையும் கைமுறைகளையும் மாணாக்கரைக் கொண்டு கேட்டு எழுதச்செய்தல் தமிழாசிரியர் கடமையாகும். கட்டை மட்கலாம், அறிவு மட்கலாகாது.