சாதனைப் பயணத்தில் 7 வயது சிறுமி பலி: விமானம் விழுந்தது ஏன்?

குட்டி விமானத்தில் அமெரிக்காவை குறுக்கே கடந்து சாதனை படைக்க கிளம்பிய 7 வயது சிறுமி, அவளது அப்பா, பயிற்சியாளர் ஆகிய 3 பேரும் 1996-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந்தேதி பரிதாபமாக பலியானார்கள்.

விமானம் விழுந்த இடம் வயோமிங் மாநிலத்தில் உள்ள செயென் நகரம். ராக்கி மலைத்தொடரை ஒட்டிய மேட்டு நிலத்தில், கடல் மட்டத்தில் இருந்து 6 ஆயிரம் அடிக்கு மேல் உள்ள ஊர்.

சிறுமியின் பெயர் ஜெசிகா டப்ராஃப். 8-வது பிறந்த நாளுக்கு ஒரு மாதம்கூட பாக்கி இல்லை. கால் எட்டாததால் பெடலில் கட்டை மாட்டி, சீட்டில் மெத்தை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் 16 வயசு ஆகாமல் தனியாக விமானம் ஓட்ட முடியாது. லைசென்சுக்கு 17 வயசு ஆக வேண்டும். அதனால் சட்டப்படி விமானி, பக்கத்து சீட்டில் இருந்த பயிற்சியாளர் ஜோ ரீட்தான். இத்தனைக்கும் இளம் விமானி சாதனைகளை ஏற்பதை கின்னஸ் புத்தகம் அதற்கு முன்பே நிறுத்திவிட்டது.

ஏப்ரல் 10-ந்தேதி கலிபோர்னியாவின் கடலோர ஊரான ஹாஃப் மூன் பேயில் இருந்து 'செஸ்னா 177பி' விமானத்தில் புறப்பட்டார்கள். 8 நாளில் சுமார் 11 ஆயிரம் கிலோ மீட்டர் பறந்து திரும்ப வேண்டும் என்பது திட்டம். போகிற ஊரில் எல்லாம் டி.வி. பேட்டி வேறு. முதல் நாள் ராத்திரி செயெனில் தங்கினார்கள்.

மறுநாள் காலை மழை, இடி மின்னல். இவர்களுக்கு சற்று முன்னால் கிளம்பிய இரட்டை என்ஜின் விமானத்தின் விமானி, காற்று தாறுமாறாக அடிப்பதாக எச்சரித்தார். அப்படியும் கிளம்பினார்கள். சில நிமிடத்தில், சுமார் 8.24 மணிக்கு, குடியிருப்பு பகுதி தெருவில் விமானம் விழுந்து நொறுங்கியது. தரையில் இருந்த யாருக்கும் காயம் இல்லை.

மேட்டு பூமியில் காற்று அடர்த்தி குறைவு. இறக்கைக்கு தூக்கும் பலம் குறையும், என்ஜினுக்கும் இழுவை குறையும். கடலோரத்தில் 'விர்'ரென்று ஏறுகிற விமானம் இங்கே திணறித்தான் ஏறும். போதாக்குறைக்கு, அனுமதித்த எடையை விட சுமார் 43 கிலோ கூடுதல் பாரம். மழை மேகத்தை விட்டு விலக திருப்பியபோது வேகம் குறைந்தது. வேகம் போனால் இறக்கையில் தூக்கு விசை நிற்காது. அவ்வளவுதான், தலைகுப்புற இறங்கிவிட்டது.

அந்த நேரத்தில் விமானத்தை இயக்கியது ஜெசிகா அல்ல, பயிற்சியாளர்தான் என்று அமெரிக்க தேசிய போக்குவரத்து பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. மோசமான வானிலையில் கிளம்ப முடிவு செய்தது அவரது தவறு என்றது. அந்த உயரத்துக் காற்றில் ஓட்டி அவருக்கு பழக்கம் இல்லை. டி.வி.க்காரர்களுக்கு கொடுத்த வாக்கை காப்பாற்ற நினைத்த அவசரமும் ஒரு காரணம் என்று அறிக்கையில் எழுதியது. மழை விடும்வரை பொறுத்திருந்தால் சில மணி நேரம்தான் போயிருக்கும்.

அதே ஆண்டு அக்டோபரில் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாதவர்கள் சாதனை முயற்சிக்காக விமானத்தை இயக்க தடை. மீறி அனுமதிக்கும் விமானியின் லைசென்ஸ் பறிபோகும்.