கண்டும் மறந்த கடல் மருந்து

ஆப்பிரிக்காவின் கீழைக்கரையிலுள்ள மலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு வந்து சேர வாஸ்கோ ட காமாவின் கப்பல்களுக்கு இருபத்து மூன்று நாட்களே பிடித்தன. அது 1498-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசி. தென்மேற்குக் காற்று எழும் பருவம். வழிகாட்டியாக உடன் வந்தவனோ அக்கடலை நன்கறிந்தவன். அதே கடலைத் திரும்பக் கடந்து ஆப்பிரிக்கக் கரையைக் காண்பதற்கு ஏறத்தாழ மூன்று திங்கள் ஆயின. வாடைக்காற்று நிலைபெறும் வரை காத்திருக்க மனமில்லாமல் அக்டோபர்த் தொடக்கத்திலேயே பாய் விரித்ததன் பயன் அது. காற்றில்லாத நாட்களும் எதிர்க்காற்று வீசிய நாட்களும் மாறி மாறி வந்தன. அந்த மூன்று திங்களில் முப்பது பேர் மாண்டனர். அதற்கு முன்பே ஏறக்குறைய அதே தொகையினர் இறந்திருந்தனர். ஒவ்வொரு கப்பலிலும் எழுந்து நடமாடக்கூடியவர்கள் ஏழெட்டுப் பேரே எஞ்சினர் என்று அப்பயணத்தில் உடனிருந்த ஒருவர் எழுதிவைத்த நாட்குறிப்பு கூறுகிறது. ஈறுகள் வீங்கிப் பல்லை மூடிக்கொண்டன. உணவு உட்கொள்ள இயலவில்லை. காலும் உடலும் வீங்கின.

1499 சனவரியில் மலிந்தியை அடைந்ததும் நோயாளிகள் ஆரஞ்சுப் பழத்திற்கு ஏங்கினர். ஆளனுப்பிப் பழம் வரவழைக்கப்பட்டது. பலருக்கு அது காலங்கடந்த உதவியாயிற்று. மூன்று கப்பல்களையும் செலுத்த ஆள் போதாமையால் ஒன்றைக் கொளுத்திவிட்டு, இரண்டில் ஊர் திரும்பினர்.

ஐரோப்பியர் 'ஸ்கர்வி' என்று அழைத்த அந்நோயின் காரணம் இன்று பள்ளி மாணவரும் அறிந்ததே. உடலின் தசைகளையும் எலும்புகளையும் இரத்தக்குழாய்களையும் பிணைத்து நிறுத்தும் பொருளை உண்டாக்க 'சி' வைட்டமின் வேண்டும். ஆடு, மாடு, நாய், பூனை முதலிய விலங்குகள் அதனைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. மனிதனுக்கு அந்த ஆற்றல் இல்லை. பச்சைக் காய், கனி, கீரைகளிலிருந்தே அவன் அதனைப் பெறவேண்டும். உடலிலுள்ள கையிருப்பு இரண்டு மூன்று திங்களுக்குத் தாங்கும். அதன் பின்னர் ஈறு அழுகும், பல் ஆடும், தோலின் கீழ் இரத்தம் கட்டும். மனம் சோர்ந்து கண்ணீர் விடுவதும் இந்நோயின் குறிகளுள் ஒன்று என்று அக்காலக் கப்பல் மருத்துவர்கள் எழுதியுள்ளனர். மாலுமிக்குக் கிடைத்த உணவோ கல்போன்ற பிஸ்கோத்து, உப்பிட்ட இறைச்சி, உலர்ந்த பட்டாணி, பீர். வயிறு நிறைந்திருந்தும் உயிர் தேய்ந்தது.

இந்துமாக் கடலின் பழைய வணிகர் இக்கொடுமைக்குப் பெரிதும் ஆளாகாததில் வியப்பில்லை. பருவக்காற்றின் துணையால் அவர்களுடைய பயணத்தின் ஒவ்வொரு கட்டமும் சில வாரங்களில் முடிந்தது; இடையிலே துறைகள் இருந்தன; துறைதோறும் சந்தைகள் இருந்தன. பதினான்காம் நூற்றாண்டில் கோழிக்கோட்டில் சீனக் கப்பல்களைக் கண்ட இப்னு பதூதா, மாலுமிகள் மரத்தொட்டிகளில் கீரையும் காய்களும் இஞ்சியும் பயிரிட்டிருந்ததைக் குறித்துள்ளார். கப்பல் தளத்தில் ஒரு கொல்லைப்புறம்! நிலத்தை விட்டுப் பிரிந்து மாதக்கணக்கில் நடுக்கடலில் கிடக்கும் வழக்கம் ஐரோப்பியரின் பெருங்கடற் பயணங்களோடு வந்தது; நோயும் அதனோடு வந்தது.

மருந்து காணப் பல காலம் ஆயிற்றா என்றால், இல்லை என்பதே விடை. இவ்வரலாற்றின் விந்தையும் வேதனையும் அதுதான்.

1601-ஆம் ஆண்டு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதற் கப்பல் அணி நான்கு கலங்களுடன் புறப்பட்டது. தலைவர் ஜேம்ஸ் லங்காஸ்டர். தாம் ஏறிச் சென்ற 'ரெட் டிராகன்' கப்பலில் சில புட்டிகள் எலுமிச்சைச் சாற்றை அவர் கொண்டு சென்றார். காலையில் வெறும் வயிற்றில் ஆளுக்கு மூன்று கரண்டி. நண்பகல் வரை வேறு உணவு கூடாது. மற்ற மூன்று கப்பல்களில் இந்த ஏற்பாடு இல்லை. செப்டம்பரில் நன்னம்பிக்கை முனையருகே நங்கூரம் பாய்ச்சியபோது, அம்மூன்றிலும் படகை இறக்கவும் வலுவில்லாத ஆட்களே இருந்தனர். 'ரெட் டிராகன்' மாலுமிகள் சென்று அவர்களுக்கும் வேலை செய்து கொடுக்க நேர்ந்தது. அதுவரை அணி முழுவதிலும் நூற்றைந்து பேர் இறந்திருந்தனர். அடுத்த ஆண்டு சூன் திங்களில் இவ்வணி சுமத்திராவின் அச்சேயை அடைந்தது; அக்டோபரில் மலாக்கா நீரிணையில், மயிலாப்பூரை அடுத்த சாந்தோமிலிருந்து துணிப்பொதிகள் ஏற்றிவந்த போர்த்துகீசியக் கப்பலொன்றைக் கைப்பற்றியது. தமிழகத்துத் துணியைச் சாவகத்தில் கொடுத்து மிளகு வாங்கிய அந்த ஆதாயத்தைக் கம்பெனி மறக்கவில்லை. எலுமிச்சைச் சாற்றைத்தான் மறந்துவிட்டது.

அடியோடு மறந்தது என்று சொல்வதும் முழு உண்மையாகாது. கம்பெனியின் மருத்துவத் தலைவர் ஜான் உடால் 1617-இல் வெளியிட்ட கப்பல் மருத்துவ நூலில் எலுமிச்சைச் சாற்றைப் பரிந்துரைத்தார். டச்சுக்காரர் 1652-இல் நன்னம்பிக்கை முனையில் குடியேற்றம் அமைத்தபோது அதன் முதல் நோக்கங்களுள் ஒன்று, போய்வரும் கப்பல்களுக்குக் காய்கறித் தோட்டம் போடுவது. ஆயினும் அறிவு ஒரு தலைவரோடு வந்து, அவரோடே போயிற்று. ஈரக்காற்றால் நோய் வருகிறது என்றனர் சிலர். உப்பால் என்றனர் சிலர். சோம்பலால் என்று மாலுமியின் மீதே பழி போட்டாரும் உண்டு. பழம் விலை மிகுந்தது, அழுகக்கூடியது. மாலுமியோ கரைக்குக் கரை கிடைத்தான். போர்க்காலத்தில் கட்டாயமாகவும் பிடித்து வரப்பட்டான். அவனுடைய உயிருக்கும் ஒரு பீப்பாய்ச் சாற்றுக்கும் கணக்குப் பார்த்தவர்கள் எந்தப் பக்கம் நின்றனர் என்பதை விளக்க வேண்டியதில்லை.

லங்காஸ்டருக்கு ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் பின்னர், 1740-இல், ஆன்சன் தலைமையில் உலகைச் சுற்றப் புறப்பட்ட ஆங்கிலக் கடற்படை அணியில் ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் இருந்தனர். 1744-இல் பயணம் முடிவதற்குள் ஆயிரத்து நானூறு பேர் வரை இறந்தனர். எதிரியின் கையால் மடிந்தவர் ஒரு சிலரே; ஏனையோரில் மிகப் பலரைக் கொன்றது ஸ்கர்வி. 1690-இல் ஒரு போரில் காயம்பட்டு, ஆறி, ஐம்பதாண்டு உடம்போடு ஒன்றிப்போயிருந்த தழும்பு ஒரு கிழவருக்கு மீண்டும் பிளந்துகொண்டது என்று அப்பயண நூல் கூறுகிறது. உடலைப் பிணைக்கும் பொருள் கரைந்துபோவதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

இந்தப் பேரிழப்பின் பின்னரே ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் வருகிறார். 1747 மே திங்களில் 'சாலிஸ்பரி' என்னும் போர்க்கப்பலில், நோய்நிலை ஒத்த பன்னிரண்டு பேரைத் தேர்ந்து ஓரிடத்தில் கிடத்தி, எல்லோருக்கும் ஒரே உணவு கொடுத்து, இருவர் இருவராகப் பிரித்து ஆறு வகை மருந்துகளைத் தந்தார். முதல் இருவருக்கு ஆப்பிள் மது, அடுத்த இருவருக்கு நீர்த்த கந்தகத் திராவகம், பின்னிருவருக்குக் காடி, பிறகு கடல்நீர், பூண்டும் கடுகும் வெள்ளைப்போளமும் சேர்த்தரைத்த இலேகியம் இருவருக்கு. எஞ்சிய இருவருக்கு நாளுக்கு இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும். ஆறாம் நாள் பழம் தீர்ந்துபோயிற்று. அதற்குள் பழம் உண்ட இருவரில் ஒருவன் வேலைக்குத் திரும்பும் நிலையை எய்தினான். மற்றவன் ஏனையோருக்குப் பணிவிடை செய்ய அமர்த்தப்பட்டான். ஆப்பிள் மது குடித்தவர்கள் சற்றே தேறினர். பிறரிடம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கும் மருத்துவ ஆய்வுக்கு முன்னோடி என்று இன்று போற்றப்படும் இச்செய்தி, 1753-இல் லிண்ட் வெளியிட்ட பெருநூலில் சில பக்கங்களே பெறுகிறது. தாம் கண்டதன் பொருளை அவரே முழுவதும் உணரவில்லை போலும். ஈரக்காற்றினால் வியர்வைத் துளைகள் அடைபடுவதே நோய்க்கு முதற்காரணம் என்னும் கொள்கையை அவர் கைவிடவில்லை. பழம் கெடாதிருக்க, சாற்றைப் பல மணி நேரம் சூட்டில் வைத்து வற்றக் காய்ச்சிக் குழம்பாக்கிப் புட்டியில் அடைக்கும்படி அறிவுரை கூறினார். புளிப்பு கெடவில்லை; மணமும் ஓரளவு நின்றது. நோயைத் தீர்க்கும் பொருள் மட்டும் சூட்டில் பெரும்பாலும் அழிந்துவிட்டது. அக்குழம்பைக் குடித்தும் குணம் காணாத மாலுமிகள், எலுமிச்சையால் பயனில்லை என்பதற்குச் சான்றாயினர்.

கேப்டன் குக் 1768 முதல் 1771 வரை 'எண்டெவர்' கப்பலில் உலகைச் சுற்றியபோது ஸ்கர்விக்கு ஒருவரையும் பலிகொடுக்கவில்லை. புளிக்கவைத்த முட்டைக்கோசை மாலுமிகள் முதலில் தொட மறுத்தனர். அதனை அதிகாரிகளின் மேசையில் நாள்தோறும் பரிமாறச் செய்து, மாலுமிகள் விரும்பினால் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றார் குக். ஒரு வாரத்திற்குள் பங்கீட்டு முறை வைக்க வேண்டியதாயிற்று. கரை கண்ட இடமெல்லாம் கீரை பறிக்கச் செய்ததே உண்மையில் அவர்களைக் காத்தது. குக் பாராட்டியதோ பயனற்ற மால்ட் கஷாயத்தை. அவர் சொல்லுக்கிருந்த மதிப்பு, உண்மை மருந்தை மேலும் பல்லாண்டுகள் பின்தள்ளிற்று. மற்றொன்றும் நினைவுகூரத்தக்கது: ஸ்கர்வியை வென்ற அதே கப்பல், பழுதுபார்க்க 1770 இறுதியில் பத்தாவியாவில், அஃதாவது இன்றைய ஜகார்த்தாவில், தங்கியபோது காய்ச்சலுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் ஆளாயிற்று. ஊரிலேயே எழுவரும், பின்னர்க் கடலில் இருபதுக்கு மேற்பட்டோரும் மடிந்தனர்.

திருப்பம் நேர்ந்தது சென்னைப் பயணம் ஒன்றில். 1794-இல் 'சஃபோக்' என்னும் போர்க்கப்பல் இங்கிலாந்திலிருந்து இடையில் எந்தக் கரையையும் தொடாமல் இருபத்து மூன்று வாரம் ஓடி, அந்நாளில் துறைமுகம் கட்டப்பெறாத சென்னையின் எதிரே நங்கூரமிட்டது. நாள்தோறும் ஆளுக்கு ஓர் அவுன்சில் மூன்றில் இரு பங்கு எலுமிச்சைச் சாறு, சர்க்கரையுடன் ரம் சாராயத்தில் கலந்து கொடுக்கப்பட்டது. சிலரிடம் நோய்க்குறி தோன்றியபோது சாற்றின் அளவைக் கூட்டினர், குறி மறைந்தது. ஸ்கர்வியால் ஒருவரும் சாகவில்லை. லிண்டின் நூலைப் படித்தவரும் செல்வாக்குள்ளவருமான மருத்துவர் கில்பர்ட் பிளேன், கடற்படை மேலிடத்தில் இதனை எடுத்துரைத்தார். 1795-இல் சாறு வழங்க ஆணை பிறந்தது. லங்காஸ்டரின் மூன்று கரண்டிக்குப் பின் நூற்றுத் தொண்ணூற்று நான்கு ஆண்டுகள்!

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, காரணம் ஒரு சொல். தமிழில் எலுமிச்சை என்றால் முதலில் நினைவுக்கு வருவது உருண்டையான, மெல்லிய தோலுடைய சிறு பழம். மலாய்க்காரர் 'லிமாவ் நிப்பிஸ்' என்பர். மத்தியதரைக் கடல் நாடுகளில் விளைவதோ தடித்த தோலும் முனையில் மூக்கும் உடைய பெரிய மஞ்சள் பழம். இரண்டையும் ஆங்கிலேயர் நெடுங்காலம் ஒன்றுபோலவே பேசினர். சிறு பழம் மேற்கிந்தியத் தீவுகளில், அவர்களுடைய ஆட்சிப்பகுதியிலேயே, விளைந்தது. எனவே 1860-களில் கடற்படை பெரிய பழத்தை விட்டுச் சிறு பழத்தின் சாற்றுக்கு மாறியது. புளிப்பே மருந்து என்று நம்பியவர்களுக்குச் சிறு பழத்தின் மிகுந்த புளிப்பு குறையாகத் தோன்றவில்லை. ஆனால் அதில் 'சி' வைட்டமின் மிகக் குறைவு. செப்புக் குழாய்களிலும் தொட்டிகளிலும் ஓடிக் காற்றுப்பட்டு நின்றதில் இருந்ததும் தேய்ந்தது.

இந்தக் குறையை நீராவிக் கப்பல் மறைத்துவிட்டது. பயணம் வாரக்கணக்காகச் சுருங்கியதால் ஸ்கர்வி தோன்றவே நேரமில்லை. சாற்றினால்தான் நலம் என்று எல்லோரும் எண்ணியிருந்தனர். 1875-இல் வடதுருவம் நோக்கிச் சென்ற நேர்ஸ் குழு, குளிர்காலம் முழுவதும் கப்பலில் சாற்றை ஒழுங்காகக் குடித்துவந்தது. வசந்தத்தில் பனிமீது பயணம் தொடங்கியதும் ஸ்கர்வி வெடித்தது. இதனால் மருத்துவர்களுக்குச் சாற்றின்மேலேயே நம்பிக்கை தளர்ந்தது. கெட்டுப்போன டப்பா இறைச்சியின் நஞ்சே காரணம் என்னும் புதுக் கொள்கை எழுந்தது. 1902-இல் தென்துருவத்தில் ஸ்காட்டின் ஆட்கள் ஸ்கர்வியில் விழுந்தபோது அவர்களுடைய மருத்துவர் டப்பாக்களை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்! அவர்களைத் தேற்றியது கடல்நாயின் புத்திறைச்சி.

விடை வேறொரு நோயைத் தேடிச் சென்ற வழியில் கிடைத்தது. நார்வே நாட்டு மாலுமிகளிடையே கண்ட பெரிபெரியை ஆராய்ந்த ஹோல்ஸ்ட், ஃப்ரோலிச் என்னும் இருவர், 1907-இல் கினிப்பன்றிகளுக்குத் தானிய உணவை மட்டும் கொடுத்துப் பார்த்தனர். பெரிபெரிக்கு மாறாக ஸ்கர்வி தோன்றியது. மனிதனைப் போலவே அந்த வைட்டமினை ஆக்கிக்கொள்ள இயலாத சில விலங்குகளுள் கினிப்பன்றியும் ஒன்று என்பதை அவர்கள் அறியார்கள். நற்பேறு என்றே சொல்லவேண்டும். அதே ஆண்டில் மலாயாவில், நெகிரி செம்பிலானில் பிரேசரும் ஸ்டான்டனும் தீட்டிய அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்துகொண்டிருந்தனர். புழுங்கலரிசி உண்ட தமிழர்களை அந்நோய் அணுகாததை மருத்துவர் பிராடன் முன்னரே கவனித்திருந்தார்.

சோதித்துப் பார்க்க ஒரு விலங்கு கிடைத்தபின் பழங்களை ஒப்பிடுவது எளிதாயிற்று. முதல் உலகப்போரின் இறுதியில் இலண்டன் லிஸ்டர் நிலைய ஆய்வாளர்கள், சிறு பழச் சாற்றின் ஆற்றல் பெரிய பழத்தினதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே என்றும், சேமித்து வைத்த சாற்றில் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றும் கண்டனர். அங்கே பணியாற்றிய ஆலிஸ் ஹென்டர்சன் ஸ்மித் என்னும் பெண்மணி, கடற்படையின் பழைய ஏடுகளைப் புரட்டி, 1860-களில் பழம் மாறிய செய்தியை வெளிப்படுத்தினார்.

அப்பொருள் இன்னதென 1932-இல் தெளிவாயிற்று. ஹங்கேரியின் செகெட் நகரில் ஆய்வு நடத்திய சென்ட்-ஜார்ஜிக்கு அதனைப் பெருமளவில் பிரித்தெடுக்க எலுமிச்சை உதவவில்லை. சாற்றிலிருந்த சர்க்கரை இடையூறு செய்தது. அவ்வூர் வயல்களில் மலிந்து விளைந்த சிவப்பு மிளகாய் வகையொன்றை எடுத்துப் பார்த்தார். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி உலகெங்கும் பரவிய செடி அது. சில வாரங்களில் கிலோக் கணக்கில் 'சி' வைட்டமின் அவர் கையிலிருந்தது.