நீரும் நீர்மமும்: ஒரு சொல்லாய்வு

சதுரங்கப்பட்டினத்தின் கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். தெற்கே வயலூரை அடுத்துப் பாலாறு கடலொடு கலக்கின்றது. ஒல்லாந்தர் கோட்டை எழுப்பி வாணிகம் நடத்திய இப்பட்டினத்தை அடுத்த கல்பாக்கத்தில் அணுவுலைகள் அமைந்துள்ளன. 1983-இல் தொடர்வினை எய்திய மின்னுலை கனநீரைக் கொண்டு இயங்குவது; 1985-இல் தொடர்வினை எய்திய சோதனை ஈனுலையிலோ வெப்பத்தைக் கடத்துவது உருகிய சோடியம். இச்சோடியம் நீரைத் தீண்டின் கடுவினை புரிந்து எரியும் இயல்பிற்று. அங்ஙனமாயின், அதனை 'நீர்மச் சோடியம்' என்றல் தகுமா? 'திரவச் சோடியம்' என்றலே பொருந்துமா? மாணவர் பலர் எழுப்பும் இவ்வினாவிற்குச் சொல் வரலாற்றின் வழி விடை காண முயல்வாம்.

முதற்கண் 'திரவம்' என்பதை நோக்குவாம். ஓடுதல், உருகுதல் எனப் பொருள்படும் 'த்ரு' என்னும் வடமொழி வேரினின்று தோன்றியது இது. மொழி முதலில் மெய்ம்மயக்கம் வாராமையின் தமிழில் இகரம் பெற்றது. அவ்வேரினின்றே பிறந்த 'திராவகம்' மலையாளத்தில் பாயும் பொருள் அனைத்திற்கும் பொதுப்பெயராக வழங்க, தமிழிலோ கடுங்காடி ஒன்றையே சுட்டுமாறு சுருங்கிற்று. கேரளத்து நூலொன்றைத் தமிழில் பெயர்ப்பார் இவ்வேறுபாட்டை அறியாராயின், பாலும் தேனும் காடியாய்விடும் என்க.

இனி 'நீர்' என்பது. கன்னடத்தும் மலையாளத்தும் நீர், தெலுங்கில் நீரு, நெடுந்தொலைவிலுள்ள பிராகூயி மொழியில் தீர் என வழங்குதலின், இது திராவிட மொழிகளின் தொன்மையான பொதுச்சொல் என்பது தேற்றம். வடமொழி 'நீர' என்பதனையும் திராவிடக் கடனாகவே பரோ முதலிய அறிஞர் கொள்வர்.

இச்சொல் குடிநீரை மட்டும் சுட்டி நின்றதன்று. கண்ணீர், உமிழ்நீர், செந்நீர், இளநீர், பன்னீர் என்னும் தொடர்களை நோக்குக. இவற்றுள் செந்நீர் குருதி. பன்னீர் மலரின் மணம் ஏற்றது. ஆயின் கொழுப்பும் பிசுப்பும் உடையவற்றைப் பண்டையோர் 'நெய்' என வேறு பிரித்தனர். எள்ளின் நெய் எண்ணெய் ஆயிற்று. குருதிக்கு 'நெய்த்தோர்' என்னும் பெயரும் உண்டு. ஒரே குருதி, ஓட்டம் கருதிய வழிச் செந்நீராகவும், பிசுப்புக் கருதிய வழி நெய்த்தோராகவும் பெயர் பெற்றமை ஈண்டு உளங்கொளத் தக்கது. பொருள் யாது என்பதினும் அஃது எவ்வாறு ஒழுகுகின்றது என்பதே பெயரீட்டிற்கு அடிப்படையாயிற்று என்பது எம் துணிபு.

மற்றொன்றும் உண்டு. நீர்மை, நீர என்னும் வடிவங்கள் திருக்குறளிலேயே தன்மைப் பொருளில் பயின்றுள்ளன. நீர் என்னும் பெயர் இயல்பை உணர்த்துமளவு விரிந்தமைக்கு இது சான்று.

இவ்வழி நோக்கின், திண்மம், வளிமம் என்பவற்றோடு இயைய ஆக்கப்பெற்ற 'நீர்மம்' நீரைக் குறியாது, நீர்போல் ஒழுகும் நிலையையே குறிக்கும். வளிமத்தையும் உளப்படுத்தப் 'பாய்மம்' என்னும் விரிந்த சொல் உளது. எனவே நீர்மங்கள் யாவும் பாய்மங்கள். பாய்மங்கள் யாவும் நீர்மங்கள் அல்ல.

கல்பாக்கத்து இரு பொருள்களும் இவ்வேறுபாட்டை நன்கு விளக்குவன. கனநீர் உண்மையிலேயே நீர். அதன் ஐதரசன் எடைமிக்கது என்பதே வேறுபாடு. சோடியமோ ஏறத்தாழ 98 பாகை செல்சியசில் உருகும் உலோகம்; உருகிய நிலையில் நீர்மம், ஒருபோதும் நீரன்று. 'மம்' என்னும் ஈறு ஒன்றே இரண்டனையும் பிரித்துக் காட்டுகின்றது. அவ்வீற்றின் பொருளை ஆசிரியர் தெளிவுறக் கற்பிப்பாராயின் மயக்கம் நேராது. கற்பியாது விடின், 'திரவம்' என்பதை மீட்பினும் பயன் இன்று. அயற்சொல்லும் அதன் வேர்ப்பொருள் அறியார்க்கு வெற்றொலியே யன்றோ? ஆகலின், 'நீர்மச் சோடியம்' என்னும் ஆட்சி பிழையன்று என்பதே எம் முடிபு.