ஏ100: ஓர் அபராதச் சீட்டின் 971 நாட்கள்

2006 ஆகஸ்ட் 2. இத்தாலியின் ஓர் உள்ளூர்ப் போலீஸ் அலுவலகத்தில் ஓர் அபராதச் சீட்டு பதிவாகிறது. வண்டி நிறுத்துவது பற்றிய சாலைச் சட்டத்தின் 157-வது பிரிவை மீறிய குற்றம், 35 யூரோ. வெளியே வந்த பதிவில் வண்டிக்காரரின் பெயரும் இல்லை, வண்டி எண்ணும் இல்லை. சீட்டுக்கு வைத்த பெயர் மட்டும் உண்டு: ஏ100.

கையோடு பணம் கட்டியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். கட்டவில்லை. அடுத்த 132 நாட்களுக்கு ஏ100 பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. டிசம்பர் 12-ல் தபாலில் போகிறது. செலவு 11 யூரோ சீட்டின் தலையிலேயே ஏறுகிறது. 2007 ஜனவரி 15-ல், உரியவரிடம் சேர்ந்ததாகப் பதிவு. அங்கிருந்து சரியாக 60-வது நாள், மார்ச் 16-ல், அபராதம் 71.50 யூரோவாகிறது. கூட்டிப்போடும் விஷயத்தில் மட்டும் ஒரு நாள்கூடப் பிசகவில்லை, பாருங்கள்! பிறகு நீண்ட உறக்கம். 2009 மார்ச் 30-ல் நிலுவை வசூலுக்கு அனுப்பப்படுகிறது. ஏ100-இன் பதிவு அத்தோடு சரி.

எந்தச் சீட்டு, அதற்கு என்ன நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது. இந்த மூன்றும் இருந்தால் போதும், ஓர் அலுவலகம் உண்மையில் எப்படி நடக்கிறது என்று வரைந்துவிடலாம் என்பதுதான் புராசஸ் மைனிங். நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வில் வான் டெர் ஆல்ஸ்ட் 1990-களின் கடைசியில் இதைத் தொடங்கினார். அவரும் சகாக்களும் 2004-ல் வெளியிட்ட ஆல்ஃபா என்ற வழிமுறை எளிமையானது. ஒரு வேலைக்கு அடுத்தபடியாக இன்னொன்று வருகிறது, தலைகீழாக ஒருபோதும் வருவதில்லை என்றால் நடுவே ஓர் அம்பு; இரண்டு வரிசையிலும் வந்தால் அவை ஒன்றையொன்று எதிர்பார்க்காத வேலைகள். அபராதப் பதிவில் மணி, நிமிடம் கிடையாது, தேதி மட்டுமே. ஒரே நாளில் இரண்டு வேலை நடந்திருந்தால் எது முந்தி என்று அம்பு போடுபவர் திண்டாட வேண்டியதுதான்.

ஏ100-உம் அதன் கூட்டாளிகளுமாக 1,50,370 சீட்டுகளின் பதிவை 2015-ல் ஆய்வாளர்கள் பொதுவில் வைத்தார்கள். மொத்தம் 5,61,470 நிகழ்வுகள். சீட்டுகள் நடந்த பாதைகள் 231 விதம் என்றாலும், மூன்றே பாதைகளில் பத்துக்கு எட்டுச் சீட்டுகள் அடங்கிவிடுகின்றன. ஏ100 போன அதே வழியில் கடைசிவரை போனவை 56,482. எழுதியதும் பணம் கட்டி முடிந்தவை 46,371. அதாவது, பணம் வந்து சேரும் நேர்வழியைவிட வசூலுக்குத் தள்ளும் சுற்றுவழியில்தான் கூட்டம் அதிகம். நடைமுறை விளக்கப் படம் எதிலும் இது தெரியாது.

தாமதம் எங்கே என்பது இன்னும் சுவாரசியம். 2018-ல் டெனிசோவ், ஃபாலாண்ட், ஆல்ஸ்ட் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் ஒவ்வொரு சீட்டையும் ஒரு கோடாக இழுத்துப் பார்த்தார்கள். தபால் சேர்ந்ததிலிருந்து அபராதம் ஏறும்வரை எல்லாக் கோடுகளும் ஒரே சாய்வு. சட்டம் விதித்த 60 நாள். அடுத்த கட்டத்தில் ஏராளமான கோடுகள் ஒரே நாளில் போய்க் குவிகின்றன. ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும் ஷேர் ஆட்டோ மாதிரி, நிலுவைச் சீட்டுகளை மொத்தமாகச் சேர்த்துத்தான் வசூலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஏ100 அப்படிக் காத்தது 745 நாள், மொத்தப் பயணத்தில் முக்கால் பங்குக்கும் மேல். இந்த இடத்தில் ஊழியர்களை விரட்டி வேலை வாங்கி என்ன பயன்? அனுப்பும் தவணையை அல்லவா மாற்ற வேண்டும்.

படத்தை மட்டும் நம்பவும் கூடாது. முதல் 132 நாள் இன்றைய கண்ணுக்குக் குற்றமாகத் தெரியும். அபராதத்தை உரியவருக்கு அனுப்ப இத்தாலியச் சட்டம் தருவது 90 நாள். ஆனால் அந்தக் கெடு 2010-ல்தான் வந்தது. அதற்கு முன் 150 நாள். எந்தத் தேதிக்கு எந்தச் சட்டம் என்று படம் வரையும் மென்பொருளுக்கு யாராவது சொல்லித் தந்தாக வேண்டும்.

ஏ1 என்றொரு சீட்டும் அந்தப் பதிவில் இருக்கிறது. 2006 ஜூலை 24-ல் எழுதி, டிசம்பர் 5-ல் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். சேர்ந்ததாகவோ, பணம் வந்ததாகவோ, அபராதம் கூடியதாகவோ ஒன்றும் இல்லை. இதே போல அனுப்பியதோடு நின்றுபோனவை 20,385. மூன்றாவது பெரிய பாதை இதுதான். கோடு எங்கே நிற்கிறது என்று காட்டுவதோடு மென்பொருளின் வேலை முடிந்தது. ஏன் நின்றது என்பதைத் தபால் அனுப்பும் மேசையில்தான் போய்க் கேட்க வேண்டும்.