பெட்டியில் வந்த வண்டிகள்

பாகங்களாகப் பிரித்துப் பெட்டியில் அடைத்து அனுப்பி, சேர்ந்த இடத்தில் பூட்டி ஓட்டப்படும் வண்டி, சென்னையின் தென்புறநகருக்கு இரண்டு அளவுகளில் வந்து சேர்ந்தது. முதலில் வந்தது ஆள் ஏறும் அளவு: 1950களிலிருந்து வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் பூட்டப்பட்ட ஸ்டாண்டர்டு கார்கள். வெகுகாலம் கழித்து வந்தது மேசைமேல் நிற்கும் அளவு: மோட்டாரும் பல்சக்கரமும் கொண்ட பிளாஸ்டிக் கட்டை வண்டிகள், குறிப்பாக லெகோ நிறுவனத்தின் டெக்னிக் வரிசை. பொம்மை என்று பெயரே ஒழிய, பின்னதைப் பூட்டி உட்காருகிறவர்களில் பெரியவர்களும் உண்டு. வண்டி நன்றாக ஓடுகிறதா என்பதோடு அவர்கள் நிறுத்துவதில்லை. உள்ளே எது எதைச் சுழற்றுகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறதா என்றும் கேட்கிறார்கள். காருக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

காரைப் பாகங்களாகக் கப்பலேற்றுவதற்குக் காரணம் எளியது. முழுக் கார் கப்பலில் இடத்தை அடைத்துக்கொள்ளும். பாதி காற்றுக்கே கூலி கொடுக்க வேண்டியிருக்கும். பிரித்து அடுக்கினால் அதே இடத்தில் பல கார்கள் போகும். இறக்குமதித் தீர்வையும் முழுக் காரைவிடப் பாகங்களுக்குக் குறைவு. தொழில் வட்டாரத்தில் இதற்கு சி.கே.டி. என்று பெயர். ஃபோர்டு நிறுவனம் 1920களிலேயே பம்பாய், கல்கத்தாவோடு சென்னையிலும் இப்படிக் கார் பூட்டியது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பின்னாளில் அதுவே அசோக் லேலண்ட் ஆயிற்று. வடக்கே எண்ணூர், தெற்கே வண்டலூர் என்று நகரத்தின் இரு முனைகளிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்தத் தொழில் முளைத்தது.

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவப்பட்டதும் 1948இல்தான். சென்னையின் யூனியன் கம்பெனி மோட்டார்ஸும் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரிலிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் அதில் கூட்டு. வேன்கார்டு முதலில் வந்தது. 1950களின் நடுவில் சிறிய ஸ்டாண்டர்டு 8, 10 கார்கள் வந்தன. 1953இல் அரசு ஒரு கோடு கிழித்தது. பூட்டுவதோடு நிற்கிறவர்கள் கடையைக் கட்டலாம், பாகங்களையும் இங்கேயே செய்யத் திட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் தொடரலாம் என்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிவிட்டன. ஸ்டாண்டர்டு தங்கியது.

அந்த ஆலையின் பெயரைத் தமிழ்நாட்டில் நிலைக்கவைத்த கார் ஹெரால்டு. அது பிறந்த விதமே கட்டுமானப் பொம்மையின் கதைபோல இருக்கும். இங்கிலாந்துக் கூட்டாளியான ஸ்டாண்டர்டு-டிரையம்ஃபுக்குக் கார் உடல் செய்துகொடுத்து வந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற நிறுவனத்தை 1953இல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே கூடாகச் செய்துதர வேறு ஆள் அகப்படவில்லை. எனவே தனிச் சட்டம் ஒன்று, அதன்மேல் வெவ்வேறு இடங்களில் செய்த தகடுகளைப் போல்ட் போட்டு முடுக்கிக்கொள்வது என்று வடிவமைத்தார்கள். மற்ற நிறுவனங்கள் தனிச் சட்டத்தைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. பழைய வழிக்குத் திரும்பியது ஒருவகையில் வேறு போக்கிடமில்லாத முடிவுதான். ஆனால் அதனால் வெளிநாட்டில் பிரித்துப் பூட்ட இதைவிடத் தோதான கார் இல்லை என்றாயிற்று. இத்தாலியரான ஜொவானி மிக்கெலொட்டி உருவம் வரைந்த அந்தக் கார் 1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அறிமுகமானபோது, மேடையிலேயே சில நிமிடங்களில் ஒன்றைப் பூட்டிக் காட்டினார்கள். விளம்பர வித்தைதான்; இருந்தாலும் அந்தக் கார் எப்படிப்பட்டது என்பதைப் பேச்சில்லாமல் சொன்ன வித்தை.

வண்டலூரில் ஹெரால்டு 1961இல் வந்தது. அதன் பானெட் மற்றக் கார்களில்போல மூடியாகத் திறப்பதில்லை. பக்கத்துத் தாழ்களை விடுவித்தால் மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் முன்பாகம் முழுவதும் முன்னோக்கிக் கவிழும். எஞ்சின், ஸ்டியரிங் தண்டு, முன்சக்கரத் தொங்கல் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். சுமார் 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். 948 சி.சி. எஞ்சின், ஸ்டாண்டர்டு 10இல் இருந்ததன் வழிவந்தது. இங்கிலாந்தில் அந்தக் காருக்குப் பெரிய எஞ்சின்கள் மாற்றப்பட்டுக்கொண்டே போக, இங்கே 948தான் கடைசிவரை. ஆனால் இங்கிலாந்தில் இல்லாத ஒன்றை வண்டலூர் செய்தது. மூலக் காருக்கு இரண்டே கதவு. பின்னிருக்கைக்காரர்கள் முன்னிருக்கையை மடக்கிவிட்டு ஏற வேண்டும். புடவை கட்டிய பெரியவர்களும் குழந்தைகளும் ஏறும் குடும்ப வண்டிக்கு அது சரிவராது. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. வழிகாட்டியில் இல்லாத ஒன்றைக் கட்டியவர் தாமே சேர்த்த இடம் அது. பொம்மை கட்டுகிறவர்கள் இன்றும் இதைத்தான் மேலான வேலையாக மதிக்கிறார்கள்.

1972இல் வந்த கஸெல் இன்னும் ஒரு படி போனது. ஹெரால்டின் எலும்புக்கூட்டின்மேல் கட்டியதுதான் அது. வளைவுகளில் குறைசொல்லப்பட்ட பின்பக்க அமைப்புக்குப் பதில் ஒரே தண்டான பின்அச்சு அதில் பொருத்தப்பட்டது. 1977வாக்கில் அதுவும் நின்று, ஆலை வேன் தயாரிப்போடு காலம் தள்ளியது. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 கதையை முடித்துவைத்தது. ரோவர் எஸ்.டி.1 என்ற ஐரோப்பியச் சொகுசுக் காரின் உடல். உள்ளே 1991 சி.சி. எஞ்சின், பழைய வேன்கார்டு எஞ்சினின் வம்சம். ஃபெர்குசன் டிராக்டரில் ஓடியதும் அந்த வம்சம்தான். பட்டு வேட்டிக்குள் முரட்டுக் கோவணம் என்று அதைச் சொன்னால் தப்பில்லை. 1983 கடைசியில் சாலைக்கு வந்துவிட்ட மாருதியோடு விலையிலோ எரிபொருள் சிக்கனத்திலோ அது மோத முடியாது. 1988இல் உற்பத்தி நின்றது.

ஆலைக்குச் சில கிலோமீட்டர் வடக்கே, குரோம்பேட்டையில், அது தொடங்கிய காலத்திலேயே வேறொரு வேலை நடந்தது. தொழிலதிபர் சி. ராஜம் 1949இல் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் விமானவியல், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், கருவியியல் என்று அப்போது வேறு கல்லூரிகளில் அரிதாக இருந்த படிப்புகள். பறக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற இரண்டு விமானங்களை, அவற்றின் உறுப்புகளை மாணவர் கண்ணால் பார்க்கட்டும் என்று அங்கே நிறுத்தியிருந்தார்கள். அவற்றின் ஈர்ப்பில் விமானவியலைத் தேர்ந்தெடுத்ததாக அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் சொல்லியிருக்கிறார். ஓடாத இயந்திரமும், திறந்து வைத்தால், பாடம் நடத்தும்.

மேசையளவு வண்டிகளின் வரலாறு வண்டலூர் கார்களுடையதைவிடப் பழையது. லிவர்பூல்காரரான ஃபிராங்க் ஹார்ன்பி 1901இல் காப்புரிமை பெற்ற, துளையிட்ட உலோகப் பட்டைகளும் திருகுகளும் கொண்ட மெக்கானோதான் மூதாதை. இந்திய வீடுகளில் அதன் உறவினனாக மெக்கானிக்ஸ் பெட்டி புழங்கியது. சென்னையில் பழைய பெட்டிகளும் உதிரிகளும் தேடுகிறவர்கள் 1985இல் தீப்பிடித்து அழியும்வரை மூர் மார்க்கெட்டுக்குப் போனார்கள். குட்டி மோட்டாருக்கும் பேட்டரிக் கூட்டுக்கும் ரிச்சி தெரு. பெரியவர்கள் கூச்சமின்றி மோட்டார் வண்டியோடு விளையாட நவராத்திரி ஒரு சாக்கு. கொலுப் படிகளுக்குக் கீழே மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டு, ‘பார்க்’ அமைத்து, நடுவே ஓடும் ரயிலும் காரும் விடுவது நங்கநல்லூர், தாம்பரம் வீடுகளில் அப்பாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் ஒதுக்கப்பட்ட வேலை.

டென்மார்க்கின் பில்லுண்டில் பிறந்த லெகோ, இன்று உள்ள கட்டைக்கு 1958இல் காப்புரிமை பதிந்தது. 1966இல் 4.5 வோல்ட் மோட்டாரில் ஓடும் ரயில் வந்தது. பெரியவர்கள் கவனிக்கத் தொடங்கிய ஆண்டு 1977. அந்த ஆண்டின் 853 என்ற எண்ணுள்ள தொகுப்பு உடலே இல்லாத காரின் சட்டம்: ஸ்டியரிங், இரண்டு வேக கியர்பெட்டி, சக்கரம் உருண்டால் ஏறி இறங்கும் நான்கு பிஸ்டன். 1980இன் 8860இல் டிஃபரென்ஷியலும் பின்பக்க ஸ்பிரிங்கும் சேர்ந்தன. 1994இன் 8880இல் நான்கு சக்கரத்துக்கும் விசை, நான்கு சக்கரமும் திரும்பும். 1984 முதல் இந்த வரிசைக்கு டெக்னிக் என்று பெயர்.

இந்தியாவில் லெகோவை விநியோகித்த ஃபன்ஸ்கூல், எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனம் 1987இல் உருவாக்கிய சென்னை நிறுவனம். டயர் கம்பெனி பொம்மைக்கு வந்ததென்றால், லெகோ எதிர்த்திசையில் போயிருக்கிறது: எண்ணிக்கைக் கணக்கில் உலகிலேயே மிக அதிக டயர் செய்யும் நிறுவனம் என்று கின்னஸ் அதைப் பதிந்திருக்கிறது.

மோட்டார் சேர்ந்தால் வண்டி மேம்படும் என்று தோன்றும். ஆர்வலர்கள் அதை அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. பொம்மை மோட்டார் வேகமாகச் சுழலும், வலுவில்லாமல் சுழலும். 8 பல் சக்கரம் 24 பல் சக்கரத்தை ஓட்டினால் வேகம் மூன்றில் ஒன்றாகிறது. முறுக்குவிசை, உராய்வு தின்றது போக, ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. திருகுப் பல்லை 24 பல் சக்கரத்தோடு சேர்த்தால் 24 சுற்றுக்கு ஒரு சுற்று. பாரம் அதைப் பின்னோக்கிச் சுழற்றவும் முடியாது. கிரேனின் கை மோட்டார் நின்ற பிறகும் தொங்கிவிடாமல் நிற்பது அதனால்தான். இந்தக் கணக்கைக் கையால் பழகுவதில்தான் ருசி. ஆகவே அவர்களில் பலர் மோட்டாரின் எண்ணிக்கையை எதிர்மறையாகவே படிக்கிறார்கள். 2016இல் வந்த சுரங்கம் தோண்டும் 42055இல் 3,929 உறுப்புகள், மோட்டார் ஒன்றே. வண்டி நகர்வது, வாளிச்சக்கரம் சுழல்வது, பட்டை ஓடுவது எல்லாம் அந்த ஒன்றிலிருந்து பல்சக்கரங்கள் வழியே பிரிகின்றன. 2019இன் லீப்ஹெர் 42100இல் 4,108 உறுப்புகள், ஏழு மோட்டார். ஒரு வேலைக்கு ஒரு மோட்டார் என்று வைத்தால் நடுவில் பல்சக்கரத்துக்கு வேலை குறைகிறது. பிரம்மாண்டம் 42100; ஆனால் கட்டும்போது கற்றுத்தருவது 42055தான். இன்னொரு பக்கம், 2018இன் புகாட்டி சிரோனிலும் 2020இன் லம்போர்கினி சியானிலும் மோட்டாரே கிடையாது. விலை அதிகம்தான்; ஆனாலும் கியர்பெட்டியைக் கையால்தான் மாற்றவேண்டும்.

அடுத்த சர்ச்சை, ஓட்டும் கருவி. 2007இன் புல்டோசர் 8275இலிருந்து அகச்சிவப்பு ரிமோட் வந்தது. அறைக்குள் நன்றாக வேலை செய்யும். மொட்டைமாடி வெயிலில் காது கேட்காதவர்போல நிற்கும். 2019இல் வந்த கன்ட்ரோல் பிளஸ் அமைப்பில் வெயில் தொல்லை இல்லை. ஆனால் ரிமோட்டும் இல்லை. கைப்பேசியில் ஒரு செயலி வேண்டும். அந்தச் செயலி அடுத்த கைப்பேசியிலும் ஓடுமா என்ற கேள்விக்குப் பெட்டியில் பதில் இல்லை.

வரி இன்னொரு முட்டுக்கட்டை. பொம்மை இறக்குமதித் தீர்வை 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் ஏறியது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். காருக்கோ பாகங்களாக வந்தால் சலுகை என்ற பழைய ஏற்பாடு நீடித்தது; வண்டலூர் வழியே போகும் கிராண்ட் சதர்ன் டிரங்க் (ஜி.எஸ்.டி.) சாலைக்குக் கார்த் தொழிலும் திரும்பியது. மறைமலை நகரில் ஃபோர்டு, சிங்கப்பெருமாள் கோயில் அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. 2015இல் சச்சின் டெண்டுல்கர் அந்த ஆலைக்கு வந்து ஒரு காரில் பாகங்களைப் பூட்டினார். ஆல்பர்ட் ஹால் மேடையின் தம்பி என்று சொல்லலாம். மறைமலை நகரில் ஃபோர்டு கார் உற்பத்தி 2022இல் நின்றது. அதே ஆண்டு லெகோ தன் மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ வரிசையைக் கைவிட்டது. செயலிக்கு 2024 முடியும்வரைதான் உத்தரவாதம் தந்தது. 1977இன் 853க்குச் செயலி தேவையில்லை. கையால் தள்ளினால் அதன் நான்கு பிஸ்டன்களும் இன்றும் ஏறி இறங்கும்.