பாத்திரமேற்கும் விளையாட்டும் மென்திறன் கல்வியும்

பாத்திரமேற்கும் மேசை விளையாட்டு என்பது சிலர் ஒன்றாக அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தராகப் பேசி, பகடையின் துணையுடன் ஒரு கதையை வளர்க்கும் விளையாட்டு. பேச்சுத்திறன், கூடிச் செயல்படுதல், முடிவெடுத்தல் முதலிய மென்திறன்களைக் கற்பிக்கவும் இது பயன்படுகிறது.

தோற்றம்

இதன் மூலம் பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சிக்காக 1824-இல் வெளியான 'கிரீக்ஸ்பீல்' என்னும் போர் விளையாட்டு. முடிவுகளைச் சொல்ல அதில் ஒரு நடுவர் இருந்தார். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' படைகளுக்குப் பதிலாகத் தனி மாந்தரை முன்வைத்தது.

தமிழ்நாட்டில்

தமிழரின் பரமபதமும் அறம் கற்பிக்கும் விளையாட்டே. ஆனால் அதில் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தாயம் தீர்மானிக்கிறது. பாத்திரமேற்கும் விளையாட்டில் ஆடுபவர் முதலில் முடிவெடுக்க வேண்டும், அதன் காரணத்தைக் குழுவுக்குச் சொல்ல வேண்டும்.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பிள்ளைகளைக் குழுக்களாகத் தரையில் அமர்த்தி, அட்டைகளாலும் கற்றல் ஏணியாலும் பாடம் நடத்தியது. பின்னர் இது மாநிலம் முழுவதும் பரவியது. அதற்கு முன்பே, 1990-களில், அறிவொளி இயக்கம் வீதி நாடகத்தைக் கல்விக் கருவியாக்கியிருந்தது.

மரக்காணம் கடற்கரையில்

கூனிமேடு அமைந்துள்ள மரக்காணம் வட்டாரம் உப்பளத்தையும் மீன்பிடியையும் நம்பியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. அதற்கு ஐந்து நாள் முன்பு, அக்டோபர் 27-இல், இதே வட்டாரத்தின் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தன்னார்வலர்கள் மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் கதை, பாட்டு, விளையாட்டு வழியே கற்பித்தனர்.

மதிப்பீடு

இத்திட்டம் பாத்திரமேற்கும் மேசை விளையாட்டு அன்று. எனினும் சிறு குழு, வழிநடத்தும் ஒருவர், கதை என்னும் மூன்றும் இரண்டுக்கும் பொது. பத்தொன்பது மாதம் வகுப்பறையைக் காணாத பிள்ளை இழந்தது பாடம் மட்டுமன்று. நாலு பேர் முன் வாய்திறந்து பேசும் பழக்கமும்தான். கூச்சமுள்ள பிள்ளை தன் பெயரில் சொல்லத் தயங்குவதைக் கதைமாந்தரின் பெயரில் சொல்லிவிடும். இதற்குத் தேவையானவை தாள், பென்சில், பகடை, பொறுமையாகக் கேட்கும் ஒரு பெரியவர் ஆகியவையே. விளையாட்டு முடிந்ததும் 'ஏன் அப்படிச் செய்தாய்?' என்று பேசிப் பார்ப்பதே அதைக் கல்வியாக்குகிறது.